சோல்பிரித்தின் அத்தை

ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் காட்டுக் காப்பீட்டுச் சங்கத்தின் நிலவறையில் உட்கார்ந்திருந்த சோல்பிரித் நெஸ்லுண்டிடம் யார் எதைக் கேட்டாலும் கேட்டதில் பாதிகூடக் கிடைக்காது. எட்டு கேட்டால் இரண்டு தருவாள். நான்கு கேட்டால் ஒன்று. ஒன்று கேட்டு வந்த ஒருவன், அவள் மேஜைமேல் இருந்த ஏலக்காய் பன்னைத் தின்று முடிப்பதற்குள் தனக்கு அது தேவையே இல்லை என்று முடிவுக்கு வந்து படியேறிப் போயிருக்கிறான்.

அவர்கள் கேட்பது நினைவகம். நிலவறையில் கறுப்பு பீரோவைப் போல ஒரு மெயின்ஃபிரேம், அலுவலகம் முழுவதற்குமான பெருங்கணினி, நின்றது. அந்த ஒரு பீரோவுக்குள் நூற்று நாற்பத்து மூன்று கணினிகள் இருந்தன. உண்மையான கணினிகள் அல்ல. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்று நம்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வரைபடப் பிரிவின் சர்வர் தனக்குத் தனி வீடு, தனிக் கிணறு, தனி வாசல் என்று நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அது நூற்று நாற்பத்து மூன்று குடித்தனங்கள் அடைந்து கிடக்கிற ஒண்டுக்குடித்தன வீடு. சோல்பிரித் அந்த வீட்டுக்காரி. குடித்தனக்காரர் ஒருவர் இருமுவது இன்னொருவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

வீட்டில் உள்ள இடத்தைவிட ஒன்றரை மடங்கு இடத்தை வாடகைக்கு விட்டிருந்தாள். அதில் மோசடி ஒன்றும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். தூங்குகிற குடித்தனத்தின் சாமான்களை இயந்திரம் சத்தமில்லாமல் பரணில், அதாவது வட்டில், ஏற்றிவிடும். எழுந்ததும் இறக்கிக் கொடுக்கும். அவர்களுக்குத் தெரியவே தெரியாது. யார் எப்போது தூங்குவார்கள், யார் எப்போது எழுவார்கள் என்ற கணக்கு வீட்டுக்காரிக்குச் சரியாக இருந்தால் போதும்.

"எதுக்கு எட்டு?" என்று கேட்பாள், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே.

"பழைய சர்வர்ல எட்டு இருந்துச்சு."

"அதுல எவ்வளவு நெஜமாவே ஓடுச்சு?"

"எப்பவும் நெறஞ்சேதான் இருந்துச்சு, சோல்பிரித்!"

"குடுத்தா நெறையத்தான் செய்யும். உன் வீட்டு நிலவறைய யோசிச்சுப் பாரு. உடைஞ்ச பனிச்சறுக்குக் கட்டை எத்தனை கிடக்கு அங்க? அதையெல்லாம் போட்டு சறுக்கவா போற? இந்தா, பன் எடுத்துக்கோ."

காகித ஆலைத் தொழிலாளியின் மகள் அவள். 1971இல் இருபத்திரண்டு வயதில், அந்தக் காலக் கணினிக்குத் தகவல் ஊட்டிய துளையட்டைகளை அடுக்கித் தள்ளுகிற வேலைக்கு வந்து சேர்ந்தவள், அட்டைகள் போன பிறகும் போகவில்லை. கணவன் சூனே நகராட்சியின் பனியகற்றும் வண்டி ஓட்டினான். குளிர்காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். அதனால்தான் முப்பத்தெட்டு வருஷமாகச் சண்டை இல்லை என்று அவளே சொல்வாள். கூட்டங்களில் பின்னல் ஊசியைக் கீழே வைக்கமாட்டாள். ஊசி நின்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது தெரிந்திருந்ததால் கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன.

அவளுக்கும் ஒரு ரகசியம் இருந்தது. அந்த நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றின் பெயர் 'அத்தை'. பக்கத்து ஊரான டிம்ரோவில் இருந்த அவளுடைய அப்பாவின் அக்காவின் நினைவாக வைத்தது. அந்த அத்தை ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஒரு பாத்திரம் கழுவமாட்டாள், இருட்டினால் போய்விடுவாள். இயந்திர அத்தையும் அப்படித்தான். பதினாறு ஜிபி நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் சாமானைப் பரணில் ஏற்றினாலும் அத்தையின் சாமானைத் தொடக்கூடாது என்று தனி உத்தரவு வேறு.

வீட்டுக்காரி பூட்டி வைத்திருக்கிற உபரி அறை அது. மேலே எப்போதாவது இயந்திரம் திணறி, "சோல்பிரித், என்னமோ ஆச்சு!" என்று தொலைபேசி அலறினால், அவள் அத்தையைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வாள். இரண்டு வரிக் கட்டளை. இடம் கிடைத்துவிடும். பிறகு முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பின்னல் பின்னிவிட்டு, களைத்த முகத்தோடு மேலே போவாள். இதற்காக நிர்வாகத்திடம் இரண்டு முறை பூங்கொத்து பரிசு வாங்கியிருக்கிறாள்.

அவளுக்கு அறுபத்தோரு வயதான நவம்பரில், ஒரு திங்கட்கிழமை, நிர்வாகி பெர்னில்லா கூப்பிட்டனுப்பினாள். அறையில் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஆலோசகன் ஹாம்புஸ் இருந்தான். இறுக்கமான கால்சட்டை, கூர்மையான காலணி. வெளியே முழங்கால் அளவு சேறும் பனியும் கிடக்க, அந்தக் காலணியோடு எப்படி வந்து சேர்ந்தான் என்பதே சோல்பிரித்துக்கு முதல் சந்தேகம்.

"இதப் பாரு," என்று மடிக்கணினியைத் திருப்பினான் அவன். அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான், வாரியத் தலைவர் உட்பட. "தெனம் காலையில ஒன்பதரை மணி. நாப்பது நிமிஷம் உன் மெஷின் செத்துக் கெடக்குது. புயல்ல மரம் விழுந்து காட்டுக்காரங்க போன் பண்றாங்க, பதிவு பண்ண முடியல. தெனமும். ஒரு நாள் தப்பாம."

"ஒன்பதரைக்கா?" சோல்பிரித் திகைத்தாள். "ஒன்பதரைக்கு இங்க யாரும் இருக்கமாட்டாங்களே."

"நான் இருந்தேன்."

"நீ காப்பிக்குப் போகலயா?"

"நான் காப்பி குடிக்கிறதில்ல."

சோல்பிரித் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெர்னில்லாதான் சமாளித்தாள். "சோல்பிரித், வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வாரியக் கூட்டம். ஹாம்புஸ் சுவத்துல நேரடியாவே போட்டுக் காட்டப் போறான். மெஷின் வயசாகித் தளர்ந்துபோச்சுன்னு சொல்றான். எல்லாத்தையும் ஸ்டாக்ஹோம் சர்வர் கூடத்துக்கு மாத்திடலாம்னு. அதுக்குள்ள நீ காரணத்தக் கண்டுபிடிச்சா, நான் உன் பக்கம் பேசுவேன். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"கோடைக்குள்ள நிலவறை காலியாகும். சைக்கிள் நிறுத்த இடம் வேணும்னு ஊழியர்கள் ரொம்ப நாளா கேக்குறாங்க. உனக்கு ஆவணப் பிரிவுல ஒரு நாற்காலி."

ஆவணப் பிரிவில் ஜன்னல் இருந்தது. சோல்பிரித்துக்கு ஜன்னல் வேண்டாம். ஓய்வுக்கு நான்கு வருஷம் இருந்தது. அதுவரை அந்தக் கறுப்பு பீரோவின் வீட்டுக்காரியாக இருக்க வேண்டும், அவள் வேண்டியது அவ்வளவுதான்.

கீழே வந்து, இயந்திரத்தின் சுமையைக் காட்டுகிற தன்னுடைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தாள். ஏரித் தண்ணீர் மாதிரி சமமாக இருந்தன. ஏன் இருக்காது? பத்து வருஷத்துக்கு முன்னால் வட்டில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று, அளவெடுப்பதை மணிக்கு ஒரு சராசரியாக வைத்திருந்தாள். அரை மணி மரண அவஸ்தையும் அரை மணி நிம்மதியும் சேர்ந்தால் சராசரியில் எல்லாம் நலம். மருத்துவமனையில் எல்லா நோயாளிகளின் காய்ச்சலையும் கூட்டி வகுத்து, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்வதுபோல. ஊரெல்லாம் கேட்டதில் கால் பங்கு கொடுத்தவள், தன்னையும் அதேபோல் ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள். அளவெடுப்பை நிமிஷத்துக்கு ஒன்றாக மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு மூன்றாம் மாடிக் காப்பியறையில் இலவங்கப்பட்டை பன் தட்டைச் சுற்றி முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோல்பிரித் நேராகவே கேட்டாள். "உங்களுக்கெல்லாம் ஒன்பதரைக்கு மெஷின் நின்னுபோகுதா?"

முப்பது கரண்டிகள் முப்பது கோப்பைகளைக் கலக்கத் தொடங்கின. அதில் பாதிப் பேர் சர்க்கரை போடாதவர்கள்.

"எது நின்னுபோகுது?" என்றான் ஹில்டிங். இழப்பீட்டுப் பிரிவு எழுத்தர், தொழிற்சங்கப் பிரதிநிதி, தாடியில் எப்போதும் பன் துகள் உள்ளவன்.

சோல்பிரித் வழக்கமாக ஒன்பது ஐம்பதுக்கு முதல் ஆளாக எழுந்து நிலவறைக்குப் போய்விடுவாள். அன்று எழவில்லை. ஒன்பது ஐம்பது ஆயிற்று. யாரும் எழவில்லை. ஐம்பத்தைந்து. இன்னொரு குடுவை காப்பி வந்தது. அவள் பின்னல் ஊசி நின்றது.

"ஹில்டிங்."

"என்ன அம்மணி?"

"எத்தனை நாளா இது?"

ஹில்டிங் தாடியைத் தடவிக்கொண்டான். "ஆகஸ்ட் கடைசியிலேர்ந்து. மொதல்ல ஒரு நாள் திரும்பிப் போனோம், மெஷின் அசையல. சரி, இன்னொரு கப் குடிப்போம்னு வந்தோம். மறுநாளும் அசையல. அப்புறம் திரும்பிப் போறதயே விட்டுட்டோம். பத்து பத்துக்குத் தானா சரியாயிடுது."

"மூணு மாசமா நாப்பது நிமிஷம் காப்பி குடிக்கிறீங்க! எனக்கு ஒரு வார்த்த சொல்லல!"

"சொன்னா நீ சரி பண்ணிடுவ," என்றான் ஹில்டிங், ரொம்ப நியாயமாக. "உன்மேல எங்களுக்கு அவ்வளவு நம்பிக்க."

"நான் சரி பண்ணலன்னா வியாழக்கெழம மெஷினயே தூக்கிடுவாங்க."

இது அவர்களுக்குப் புதுச் செய்தி. ஹில்டிங் முன்னால் சாய்ந்தான். "ஸ்டாக்ஹோம் போனா, அது ஒன்பதரைக்கு நிக்குமா?"

"நிக்காது."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட."

ஹில்டிங் கணக்குப் போட்டான். "அப்ப எப்படிப் போனாலும் எங்க இருபது நிமிஷம் போச்சு. சரி, நீயே பாத்துக்கோ. அந்தக் காலணிக்காரன்கிட்ட தோக்கறதவிட உன்கிட்ட தோக்கலாம்."

அன்று மதியம் அந்தக் காலணிக்காரன் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பினான். நூற்று நாற்பத்து மூன்று இயந்திரங்களின் பட்டியல். கீழே தடித்த எழுத்தில்: 'அத்தை என்ற இயந்திரம் பதினாறு ஜிபி பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ன செய்கிறது என்று தெரியவில்லை. யாருடையது? புதன் மாலைக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அணைக்கப்படும்.'

சோல்பிரித் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அத்தை தன்னுடையது என்று சொன்னால் இத்தனை வருஷ நாடகமும் வெளுத்துவிடும், பூங்கொத்துகள் உட்பட. சொல்லாவிட்டால் அத்தை போய்விடுவாள். ஆனால் ஒன்றை அவள் மறந்திருந்தாள். அந்தச் சங்கத்தில் கையில் இருப்பதை யாரும் திருப்பித் தந்ததே கிடையாது. தந்தது திரும்பி வராது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். தன்னுடையது இல்லாததை விட்டுக்கொடுப்பதிலும் அவர்களுக்கு அதே தயக்கம்.

ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பதில்கள் வந்தன. இழப்பீட்டுப் பிரிவு: 'அத்தை எங்களுடையது, தொடாதீர்கள்.' தபால் பிரிவு: 'அத்தை இல்லாமல் ஒரு கடிதம்கூட வெளியே போகாது.' வரைபடப் பிரிவின் ஏவர்ட் நீளமாகவே எழுதியிருந்தான்: 'அத்தை எங்கள் பிரிவின் இதயத் துடிப்பு. பதினாறு போதவில்லை. இருபத்து நான்காக உயர்த்தும்படி ஏற்கெனவே வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம்.'

சோல்பிரித் சிரித்த சிரிப்பில் ஊசியிலிருந்து பதினோரு கண்ணிகள் நழுவிப் போயின. மூன்று பதில்களையும் அச்செடுத்துப் பின்னல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவள் காப்பிக்குப் போகவில்லை. ஒன்பது முப்பத்திரண்டுக்குள் ஹில்டிங் மூச்சிரைக்க நிலவறைக்கு ஓடி வந்தான்.

"உடம்பு சரியில்லயா? சூனேக்கு போன் பண்ணவா?"

"ஷ்ஷ். அங்க பாரு."

திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்பது இருபத்தொன்பதுக்கு இயந்திரம் அரைத் தூக்கத்தில் இருந்தது. ஒன்பதரை அடித்ததும் நூற்று நாற்பத்து மூன்று குடித்தனங்களும் ஒரே நொடியில் கண் விழித்தன. எல்லாருக்கும் சாமான் வேண்டும், பரணில் உள்ளதெல்லாம் வேண்டும், இப்போதே வேண்டும். இறக்குகிறவனும் ஏற்றுகிறவனும் ஒரே ஏணியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் இறக்கி வைத்ததை அவன் தொடுவதற்குள் இன்னொருவனுக்கு இடம் வேண்டுமென்று மறுபடி மேலே ஏற்றினார்கள். வேலை எதுவும் நடக்கவில்லை, ஏணி மட்டும் ஓயாமல் ஆடியது.

சோல்பிரித் வழக்கமான வைத்தியத்தைச் செய்தாள். அத்தையை நகரச் சொன்னாள். பதினாறு ஜிபி காலியாயிற்று. ஏணி ஆடிக்கொண்டேதான் இருந்தது.

"அத்தை போயும் தீரல," என்று முணுமுணுத்தாள்.

"எந்த அத்தை?" என்றான் ஹில்டிங்.

"ஒண்ணுமில்ல. இடம் போதாம இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் ஒண்ணா எழுந்திரிக்கறாங்க, அதான் விஷயம். யாரு எழுப்பறது?"

ஒரு இயந்திரத்தின் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்பதரைக்கு ஒரு துப்புரவு வேலை: பழைய பதிவேடுகளைச் சுருட்டி அடுக்கு, எல்லாக் கோப்பையும் படித்து அட்டவணை போடு. அடுத்த இயந்திரத்திலும் அதேதான். அதற்கடுத்ததிலும். வரைபடப் பிரிவிலும், இழப்பீட்டிலும், தபாலிலும். ஒவ்வொரு புது இயந்திரத்தையும் புதிதாகச் செய்வதில்லை. தாய்ப்படி ஒன்று உண்டு, அதிலிருந்து நகலெடுப்பார்கள். தாய்க்கு இருக்கிற மச்சம் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும்.

தாய்ப்படியைத் திறந்தாள். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. 2001, மார்ச். 'ஒன்பதரை. காப்பி நேரம். யாரும் இருக்கமாட்டார்கள். எஸ்.என்.'

சோல்பிரித் நெஸ்லுண்ட்.

பன்னிரண்டு இயந்திரங்கள் இருந்த காலத்தில் அது நல்ல யோசனை. நாடே ஒன்றாக எழுந்து காப்பிக்குப் போகிற நேரத்தைவிட ஓய்வான நேரம் வேறு ஏது? இந்த வருஷக் கோடையில் நாற்பது இயந்திரங்களைப் புதிதாகக் குடியேற்றியபோது வீடு நூற்று நாற்பதைத் தாண்டியது. ஆட்கள் எழுந்து காப்பிக்குப் போன நொடியில் இயந்திரங்கள் எழுந்து துப்புரவுக்குப் போயின. பார்க்க வேண்டியவள் மூன்றாம் மாடியில் பன் தின்றுகொண்டிருந்தாள்.

"யாரு எழுதினது அது?" என்று ஹில்டிங் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

அவள் திரையை மாற்றிவிட்டாள். "கண்ணாடி எடுத்துட்டு வந்தியா?"

"இல்ல."

"அப்ப விடு."

திருத்துவது பெரிய வேலை இல்லை. விடியற்காலை மூன்று மணியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு குடித்தனமாக எழுப்பினால், ஐந்தரைக்குள் எல்லாரும் பெருக்கித் துடைத்து மறுபடி தூங்கிவிடுவார்கள். பதினொரு வரியில் ஒரு சின்ன நிரலை மதியத்துக்குள் எழுதிவிட்டாள். ஆனால் வீட்டுக்காரி குடித்தனக்காரரின் கதவைத் திறந்து உள்ளே போகக் கூடாது. இயந்திரத்தின் உட்புறம் அந்தந்தப் பிரிவுக்குச் சொந்தம். உள்ளே எதையாவது மாற்ற அனுமதி தருகிற மாற்றக் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கூடும். அவசரமென்றால் பிரிவுத் தலைவர் கையெழுத்து வேண்டும். வரைபடத்துக்கு அறுபத்தொன்று, இழப்பீட்டுக்கு நாற்பத்தெட்டு, தபாலுக்கு இருபது. மீதிப் பதினான்கு அவளுடையவை.

முதலில் ஏவர்ட்டிடம் போனாள். அவன் மேஜையில் வரைபடங்களைவிட மீன்பிடி சாமான்கள் அதிகம். தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தான்.

"மூணு மணியா? எங்களுக்கு ஒன்பதரைதான் வசதி."

"உனக்கு அது ஒன்பதரைக்கு ஓடுதுன்னே இப்பதான் தெரியும்."

"அதுனால என்ன? ஓடற வண்டிய எதுக்கு நிறுத்தணும்? கிறிஸ்துமஸ் போகட்டும், ஜனவரில உக்காந்து பேசுவோம். எல்லாருக்கும் சம்மதம்னு ஆகணும்ல."

"சரி," என்று தாளை மடித்தாள். "அது கெடக்கட்டும். அத்தை உன்னோடதுன்னு எழுதியிருக்கியே."

ஏவர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆமா. ரொம்ப முக்கியமானது."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இதயத் துடிப்புன்னு வேற சொல்லியிருக்க. அதான் நாளைக்கு வாரியத்துல அதப்பத்தி நீயே ரெண்டு வார்த்த சொல்லிடேன். அது என்ன செய்யுது, எப்படித் துடிக்குதுன்னு. ஹாம்புஸுக்கு ரொம்ப ஆர்வமா இருக்கு. அரை மணி போதுமா, ஒரு மணி வேணுமா?"

ஏவர்ட் ஒரு தூண்டிலைக் கையிலெடுத்து உற்றுப் பார்த்தான். "தொழில்நுட்ப விவரமெல்லாம் எனக்கு அவ்வளவா..."

"அதனால என்ன. ஒரு படம் போட்டு விளக்கினா போதும். அப்புறம் ஒரு சின்னச் சிக்கல். இழப்பீட்டுக்காரங்களும் தபால்காரங்களும் அதே அத்தைய அவங்களோடதுன்னு எழுதியிருக்காங்க. மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துல நின்னு பேசிடுங்க, வாரியம் முடிவு பண்ணட்டும் அத்தை யாருக்குன்னு."

ஏவர்ட் தூண்டிலைக் கீழே வைத்தான். "அந்தத் தாளக் குடு. மூணு மணின்னா சொன்ன?"

"மூணு மணி. இங்க போடு கையெழுத்த. கீழயும் ஒண்ணு."

"அத்தை விஷயம்..."

"எந்த அத்தை?" என்றாள் சோல்பிரித்.

மற்ற இருவரிடமும் ஆளுக்கு எட்டு நிமிஷம்தான் ஆயிற்று. ஐந்து மணிக்குள் மூன்று கையெழுத்தும், அத்தை மீது உரிமை இல்லை என்ற மூன்று மறுப்புக் கடிதங்களும் பைக்குள் சேர்ந்தன. மாலைக் கெடுவுக்குள் வந்த நான்காவது உரிமைக் கடிதத்தை அவளே பெர்னில்லாவுக்கு எழுதியிருந்தாள்: 'அத்தை என் பொறுப்பு. பாதுகாப்புக் காரணம்.' பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்த்தால் அரசாங்கமே அதற்கு மேல் கேட்பதில்லை.

வியாழக்கிழமை நான்காம் மாடியில் வாரியத்தின் ஐந்து பேரும் கம்பளி மேலாடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஐவருமே காட்டுச் சொந்தக்காரர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பிக் குடுவை. ஹாம்புஸ் சுவரில் படத்தைப் போட்டான். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது.

"ஒன்பது இருபத்தொன்பது," என்றான். குரலில் ஒரு நடுக்கம், பட்டாசுத் திரியில் நெருப்பு வைத்தவனைப் போல. "இப்ப பாருங்க."

ஒன்பதரை. கோடு நகர்ந்தது. ஒன்பது முப்பத்தொன்று. நேராகவே நகர்ந்தது. சோல்பிரித் மூலையில் ஒரு ஸ்வெட்டர் கையைப் பின்னிக்கொண்டிருந்தாள். ஒன்பது முப்பத்தைந்தில் வாரியத் தலைவர் குடுவையைத் திறந்தார்.

"நாங்க என்ன பாக்கணும்?"

"அது... நிக்கணும்."

"நிக்கலையே."

"தெனமும் நின்னுச்சு!"

"உன்னக் குத்தம் சொல்லல. ஆனா ஓடற மெஷினக் காட்டி இது ஓடலன்னு சொல்றதுக்கா எங்கள மலையிலேர்ந்து எறக்குன?"

"மன்னிச்சுக்கோ ராசா," என்று ஹாம்புஸைப் பார்த்தாள் சோல்பிரித். "நேத்து சரி பண்ணிட்டேன், சொல்ல மறந்துபோச்சு." பிறகு ஒண்டுக்குடித்தனத்தையும் பரணையும் ஏணியையும் எடுத்துச் சொன்னாள். நூற்று நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்ததைக் கேட்டதும் தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மெஷினுக்கு வயசாகல, அதுக்கும் காப்பி வேள வந்துடுச்சு! சரி, அந்த ஒன்பதரைய யாரு வச்சது?"

ஊசி நின்றது. பெர்னில்லா அதைப் பார்த்தாள்.

"பழைய குறிப்பு ஒண்ணு," என்றாள் சோல்பிரித். "2001ல யாரோ எழுதிப்போட்டது."

அப்போது கீழே மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நீண்ட முனகல் எழுந்து வந்தது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. முப்பது பேர் ஒரு நம்பிக்கையோடு விசையைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், இயந்திரம் பதில் சொல்லிவிட்டது.

"என்ன சத்தம் அது?" என்றார் தலைவர்.

"வேல ஆரம்பிச்சிருக்காங்க," என்றாள் பெர்னில்லா.

மெயின்ஃபிரேம் இருக்கட்டும், நான்கு வருஷம் கழித்துப் பேசலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். சோல்பிரித் ஜெயித்துவிட்டாள். ஆனால் அன்று மாலை வீட்டில் சூனே பூனைக்கு மீன் வைத்துக்கொண்டே, "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? தோத்துட்டியா?" என்று கேட்டான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு பேக்கரி மூடுவதற்குள் ஓடினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மூன்றாம் மாடிக்குள் நுழைந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். மேஜை நடுவில் பச்சை நிறப் பாதாம் மாவுப் போர்வை போர்த்திய பெரிய கேக். மேலே ஒரு சர்க்கரை ரோஜா. பிறந்தநாள் யாருக்கும் இல்லை. அந்தக் கட்டடத்தில் பிறந்தநாள் இல்லாத நாளில் கேக் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இயந்திரத்தைக் கவிழ்த்தவர் கேக் வாங்க வேண்டும். பேச்சு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், கேக் வாங்கினால் போதும். பின்னால் அதைப்பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

கேக்குக்குப் பின்னால் சோல்பிரித் கத்தியோடு நின்றாள்.

"நீயா!" என்றான் ஹில்டிங். கொஞ்சம் யோசித்தான். முகம் மலர்ந்தது. "அப்ப அந்த மூணு மாசக் காப்பி உன் தயவா?"

"தட்ட நீட்டு. பேசாத."

முதல் துண்டு வெட்டுவதற்குள் கதவு திறந்தது. ஏவர்ட் கையில் ஒரு பெட்டியோடு நின்றான், கேக். தபால் பிரிவுத் தலைவர் பின்னால் இன்னொன்றோடு வந்தார். இழப்பீட்டுத் தலைவி ஏற்கெனவே ஒன்றை ஜன்னலோரம் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வேறு யாரோ வைத்ததுபோல நின்றுகொண்டிருந்தாள். அத்தையைத் தங்களுடையது என்று எழுதிய அந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் முடியாது, அதுதான் விதி. கடைசியாக ஹாம்புஸ் ரயில் நிலையத்தில் வாங்கிய சின்ன கேக் ஒன்றோடு வந்தான். ஹில்டிங் அவனுக்கு முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தான், கொஞ்சம் மிகைப்படுத்தி.

ஐந்து கேக்கை இருபது நிமிஷத்தில் தின்ன முடியாது. ஒன்பது ஐம்பது ஆயிற்று. யாரும் எழவில்லை.

பெர்னில்லா தன் தட்டோடு சோல்பிரித்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏழு வருஷமா அத்தைக்குச் சேத்துத்தான் நான் திட்டம் போடறேன். பதினாறுன்னு வருஷா வருஷம் எழுதறேன். பாதுகாப்பெல்லாம் ஒண்ணுமில்ல, நீ சும்மா பூட்டி வச்சிருக்கற உபரிதானே?"

சோல்பிரித் ஊர் வழக்கப்படி மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள். அந்த ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: ஆமாம்.

"நெனச்சேன். அத்தைக்கும் ஒரு துண்டு எடுத்து வை."

மணி பத்து பத்து. நிலவறையில் மெயின்ஃபிரேம் துளி திணறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பயன்படுத்தத்தான் மேஜைகளில் ஆள் இல்லை. இழப்பீட்டு மேஜையில் ஒரு தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாராவது போங்கப்பா," என்றாள் பெர்னில்லா.

முப்பது பேரும் திரும்பி, காப்பி குடிக்காத ஒரே ஆளைப் பார்த்தார்கள். ஹாம்புஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். புயலில் எத்தனை மரம் விழுந்தது என்று அவன் பணிவாகக் கேட்டு எழுதிக்கொள்வது, அடுத்த குடுவை காப்பி முடிகிறவரை திறந்த கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.